பல்லியும் கன்னிமூலைக் கிணறும்

சின்ன ஊர் ஒன்றுக்கு வெளியே, தோட்டத்தோடு ஒரு பழைய வீட்டை ஒரு தம்பதி வாங்கினார்கள். பழுது பார்க்க வந்த மேஸ்திரி கிணற்றடியில் நின்று, "கன்னிமூலையில கிணறு ஆகாதுங்க, மூடிடணும்" என்றார்.

சுவரிலிருந்த பல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அநியாயம்! மூலைக்கும் தண்ணிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கத்தியது. கீழே நின்றவர்களுக்கு 'ச்சு ச்சு' என்றுதான் கேட்டது.

"பாருங்க, பல்லியே சொல்லிடுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"உன்னை யாருடி வாதாடச் சொன்னது?" என்றது கிணறு. "நீ எதைச் சொன்னாலும் அவங்களுக்கு அது ஆமாம்தான். முன்னே இங்கே இருந்த பவானியோட வெள்ளி டம்ளர் இன்னும் என் அடியில கிடக்கு. வீடே கூடி மூணு நாள் பாதாளக்கரண்டி போட்டுத் தேடிச்சு. என்ன சிரிப்பு, என்ன சண்டை! மண்ணைக் கொட்டினா எல்லாம் போச்சு."

பல்லி வாயை மூடிக்கொண்டது. அதற்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

வீட்டுக்காரம்மா ஒரு வாளி இறைத்து முகம் கழுவினாள். "எவ்வளவு குளிர்ச்சி! இதை மூடிட்டு லாரித் தண்ணிக்கு நிக்கணுமா? கிணறு இருக்கட்டும்."

"இப்பக் கத்துடி!" என்றது கிணறு.

பல்லி தொண்டை கிழியக் கத்தியது.

"என்னம்மா, இதுக்கும் சொல்லுதே?" மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"கடைசியா எதுக்குச் சொல்லுச்சோ அதுதான்" என்று அவள் மறுபடி வாளியை இறக்கினாள். கப்பி கிறீச்சிட்டது. பவானிதான் வந்துவிட்டாளோ என்று கிணறு ஒரு கணம் நினைத்துக்கொண்டது.