இரண்டாம் ஜன்னல் தமாரா

"ஜெராக்ஸ் தெளிவா இல்ல. வேற எடுத்துட்டு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

மால்டோவா நாட்டுத் தூதரகத்தின் இரண்டாம் ஜன்னலில் இருந்த தமாரா காகிதங்களைத் திருப்பித் தள்ளியதும் ரோதிகாவுக்குத் திக்கென்றது. பதுவாவில் வேலைக்கு லீவு சொல்லி, விடியற்காலை ரயில் பிடித்து வந்து, மூன்று மணி நேரம் வரிசையில் நின்றவள் அவள். ஜெராக்ஸோ பளிச்சென்று இருந்தது.

அவள் கேட்டது ஒன்றும் ஊரில் இல்லாத அதிசயம் இல்லை. இத்தாலியில் பிழைக்கும் மால்டோவாக்காரர் அங்கேயே கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால், 'இவருக்குத் தடை ஏதும் இல்லை' என்று தங்கள் நாட்டுத் தூதரகம் ஒரு சான்று தர வேண்டும். அது ஒன்று. ஊரில் இருக்கும் வீட்டை விற்க, மாப்பிள்ளை வித்தாலியே பெயரில் ஒரு பவர் பத்திரம். அது இன்னொன்று. அந்த வீட்டை விற்றுத்தான் அவன் சொந்தமாக லாரி வாங்கப் போகிறான். எட்டு வருஷம் இத்தாலியக் கிழவிகளைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்து, முதுகு விட்டுப்போய்க் கட்டிய வீடு. அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து.

தமாரா முதலில் நன்றாகத்தான் பேசினாள். வயதைப் பார்த்து, "நாற்பதுல கல்யாணமா, நல்லா இருங்க" என்றுகூடச் சொன்னாள். மாப்பிள்ளையின் சான்று எங்கே என்று கேட்டாள். அவர் போன மாசமே இங்கே வந்து வாங்கிவிட்டார் என்றாள் ரோதிகா, கொஞ்சம் பெருமையாகவே. தமாரா பதிவேட்டைப் புரட்டினாள். அவள் பார்வை ஒரு பக்கத்தில் வெகு நேரம் நின்றது. அப்புறம்தான் ஜெராக்ஸில் கோளாறு வந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனால், பிறப்புச் சான்றில் முத்திரை மங்கலாக இருக்கிறதாம். பத்து நாள் கழித்து வரச் சொன்னாள்.

வரிசையில் பின்னால் நின்ற ஊர்க்காரி நீனாவுக்குச் சிரிப்பு. "எத்தனை வருஷமா வெளிநாட்டுல இருக்க? ஊர்ப் பழக்கம் மறந்துபோச்சா? கையில ஒரு பையோட வாடி. முத்திரை தானா தெளிவாயிடும்."

போனில் வித்தாலியேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பொம்பளை பேய் என்றான், பிசாசு என்றான். பிறகு குரல் குழைந்தது. "கல்யாணச் சான்று மெதுவா வரட்டும் கண்ணு. முதல்ல அந்தப் பவரை மட்டுமாவது வாங்கிடு. உனக்கு எதுக்கு இவ்ளோ அலைச்சல்?"

எவ்வளவு அக்கறை என்று ரோதிகா உருகிப்போனாள்.

மூன்றாம் தடவை பையோடு போனாள். ஒரு பாட்டில் கோன்யாக் பிராந்தி, ஒரு பெட்டி சாக்லேட். சத்தமில்லாமல் ஜன்னல் வழியே நகர்த்தினாள். தமாரா பையைத் திறந்து பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இதை எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

ரோதிகாவுக்கு மானம் போய்விட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்ததுதான் அக்கிரமம்.

"நாளைக்கு ரொவீகோ ஊருக்குப் போங்க. நகராட்சி ஆபீஸ் வாசல்ல ஒரு பலகை இருக்கும். அதுல ஒட்டியிருக்கிற கல்யாண அறிவிப்பு எல்லாத்தையும் உங்க கையால எழுதிட்டு வாங்க. மாப்பிள்ளை பேர், பொண்ணு பேர், ஒண்ணுகூட விடக் கூடாது. அப்புறம்தான் கையெழுத்து."

அந்த நாட்டில் கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியின் பெயரை நகராட்சிப் பலகையில் எட்டு நாள் ஒட்டிவைப்பார்கள் என்பது ரோதிகாவுக்கும் தெரியும். ஆனால் அவள் கல்யாணம் பதுவாவில். ரொவீகோவில் யார் யாரையோ கட்டிக்கொண்டால் அவளுக்கென்ன? கேட்டும் பார்த்தாள்.

"விதி அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள் தமாரா.

அப்படி ஒரு விதி உலகத்தில் எங்குமே கிடையாது. அது தெரிந்தும் ரோதிகா போனாள். வேறு என்ன செய்ய முடியும்? ரயிலில் போகும்போது வழி நெடுக தமாராவைச் சபித்துக்கொண்டே போனாள். கல்யாணம் ஆகாத கிழட்டு மாடு, அடுத்தவள் வாழ்வது பொறுக்கவில்லை என்று வாய்விட்டே சொன்னாள். எதிர் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பலகையில் நான்கு தாள்கள் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாக எழுத ஆரம்பித்தாள். முதல் தாள் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் மணமகள் பெயரை எழுதினாள். யாரோ எலேனா பெர்த்தான், ரொவீகோவைச் சேர்ந்தவள்.

மணமகன் வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

வித்தாலியே முந்தியானு. பிறந்த இடம் ஓர்ஹெய், மால்டோவா. பிறந்த தேதியும் அவனுடையதுதான். அந்தத் தேதிக்கு ஏழு வருஷமாகக் கேக் செய்து வருகிறவள் அவள்.

மூன்று தடவை படித்தாள். நகராட்சிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகிற ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவளுக்கு இத்தாலியப் பேச்சில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் இரண்டாம் ஜன்னலில் அந்தத் தாளை நீட்டினாள். பாதியில் நின்ற வரியைத் தமாரா பார்த்தாள். பவர் விண்ணப்பத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமலே ரோதிகாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு முதல் நாளே தெரியும்" என்றாள் ரோதிகா. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

தமாரா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்தவங்க பதிவுல எந்தப் பொண்ணு பேர் இருக்குன்னு வாயத் திறந்தா என் வேலை போயிடும்மா. அவங்களா அதைச் சுவத்துல ஒட்டுற வரைக்கும், உன் வீட்டை நான் வேற எப்படிக் காப்பாத்துறது?"