பக்கத்து காட்டேஜ் சமையல்காரி

இன்றைக்கும் வெளியே பூட்டுத்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பருத்த மனிதர் காரில் ஏறினார். வயதானவர்கள் இரண்டு பேரும் வாலிபப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏரிக்குப் போயிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவோம். குரங்கு வரும், ஜன்னலைத் திறந்து போடாதே. நல்லா ரெஸ்ட் எடு!” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

‘ரெஸ்டாம் ரெஸ்ட்! வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறானே’ என்று பக்கத்து காட்டேஜ் வாசலில் உட்கார்ந்திருந்த வார்டனம்மா பல்லைக் கடித்தார்.

வார்டனம்மா பெண்கள் விடுதி நடத்துகிறவர். விடுதிக்கு விடுமுறை விட்டதும், ஒரு வாரம் மலைக்காற்று வாங்கலாம் என்று வந்திருந்தார். ஆனால் தொட்டில் பழக்கம் விடுமா? மலையைப் பார்க்க வந்தவர் அடுத்த வீட்டு அடுப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன் என்று வேறு அவருக்குப் பெருமை.

வந்த நாளிலிருந்து அந்த ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரே முகம்தான். விடிவதற்குள் வெந்நீர், அப்புறம் டீ, அப்புறம் டிபன். கழுவிய பாத்திரம் காய்வதற்குள் மறுபடியும் அடுப்பு. பானையைத் தூக்கும்போது மட்டும் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மேடையோரம் நின்றபடியே மிச்சம் மீதியைச் சாப்பிடுவாள். “டீ ஆறிப்போச்சு, வேற போடு!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தால் அதையும் பாதியில் வைத்துவிட்டு ஓடுவாள்.

நாளைக்கு அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்புகிறது. இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் அவளுக்கு விடிவு கிடையாது என்று வார்டனம்மாவுக்குத் தோன்றியது. கார் வளைவில் மறைந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போய் ஜன்னலைத் தட்டினார்.

ஜன்னல் கதவு திறந்தது. முதலில் ஆவி வந்தது, பின்னால் அவள் முகம் வந்தது.

“ஏரியைப் பார்த்தியாம்மா?” என்றார் வார்டனம்மா.

“இல்லக்கா. போட்டோ எடுத்துட்டு வந்து காட்டினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.”

“இவங்ககிட்ட ரொம்ப நாளா இருக்கியா?”

“பெரிய பையன் பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து.”

வார்டனம்மாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அத்தனை வருஷம் மாடாக உழைத்தவளுக்கு வெளியே ஒரு பூட்டா!

“நான் சொல்றதைக் கேளு. என் விடுதிக்கு வந்துடு. தனி ரூம் தர்றேன், உதவிக்கு ரெண்டு பேர் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை நீ அடுப்புப் பக்கமே வர வேண்டாம். உன்னை உள்ள வெச்சு எவனும் பூட்டவும் மாட்டான்.”

அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை நிஜமாவே லீவாக்கா? படுத்துத் தூங்கலாமா?”

“மத்தியானம் வரைக்கும் தூங்கு, யார் கேக்கப் போறா? நீ பயப்படாதே. அந்த ஆளு வரட்டும், சமையலுக்கு வேற ஆளைப் பார்த்துக்கோன்னு நானே மூஞ்சிக்கு நேரா சொல்றேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது வலித்ததோ என்னவோ, கை அடிவயிற்றுக்குப் போனது. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடிப்போய் அணைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“வேண்டாங்க்கா. ஆபரேஷன் ஆன உடம்பு, ஒரு வாரமாவது எனக்கு நல்ல ரெஸ்ட் வேணும்னு டாக்டர் சொன்னார்னுதான் என் வீட்டுக்காரர் இங்க கூட்டிட்டு வந்திருக்கார்!”