பனிக்குள் ஒரு கேப்டன்

"வினோஜன், அந்தக் குரலக் கேட்டியா? அதுதான் நமக்கு வேணும்."

சோலைமலை இதைத் தன் உதவியாள் பையனிடம் காதோடு காதாகத்தான் சொன்னார். மைதானத்து மேட்டிலிருந்த அதே கொட்டகையில் நாலு நாற்காலி தள்ளி, போட்டி அணிக்காரர் பொன்னையா உட்கார்ந்திருந்தார்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கான மென்பந்து கிரிக்கெட் போட்டி அடுத்த மாதம். அதற்குமுன் ஒவ்வொரு அணியும் ஒரு கேப்டனைப் பிடிக்க வேண்டும். இதுவரை எந்த அணியிலும் சேராத பெண்களை மஸ்கெலியா மைதானத்தில் ஆடவிட்டு, பார்த்து எடுத்துக்கொள்ளலாம். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. அந்த மரியாதை மூன்று வருஷமாக வட்டவளை அணிக்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

அந்த அணியின் பொறுப்பாளர் சோலைமலைதான். அவர் தேடிப் பிடித்த கேப்டன்கள் அப்படி. ஒருத்தி டாஸ் மட்டும் ஜெயித்தாள். போன வருஷத்துக்காரி வாயே திறக்கமாட்டாள். ஒரே பந்தைப் பிடிக்க இரண்டு பேர் ஓடி, நீ பிடி நான் பிடி என்று நின்று, பந்து நடுவில் விழுந்ததுதான் கடைசி ஆட்டம். இந்த முறையும் தப்பாக எடுத்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அணிப் பெண்களே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆட்டம் தொடங்கியபோது எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. பிரியந்தி என்ற பெண் அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் அடித்தாள். பொன்னையா நாற்காலி நுனிக்கு வந்தார். அதற்குள் நீர்த்தேக்கப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்து மைதானத்தை மூடிவிட்டது. பனிக்காக நிறுத்துவதென்றால் மஸ்கெலியாவில் எந்த ஆட்டமும் முடியாது. அதனால் உள்ளே அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் இவர்கள் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர்கள் கீழே இறங்கக் கூடாதென்று சட்டம். இறங்கினால் ஆசை வார்த்தை பேசி ஆட்களை வளைத்துவிடுவார்களாம்.

அப்போதுதான் தூரக் கோடியிலிருந்து அந்தக் குரல் கணீரென்று வந்தது.

"ராணி, மேல ஏறாத, கீழ வா. செல்வி, அவ பின்னாலயே போகாத. நீ எடப்பக்கம் நில்லு."

சோலைமலைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தன் கையே தனக்குத் தெரியாத பனியில், யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருத்தி தெரிந்து வைத்திருக்கிறாள். சற்று நேரத்தில் நடுவர் "அவுட்" என்று கத்துவதும் கேட்டது.

"பாத்தியா? சொன்ன எடத்துல நின்னா விக்கெட் விழுது" என்றார்.

அந்தக் கோடியில் விக்கெட் கீப்பராக நின்றவள் ஜெயந்தினி என்று வினோஜன் நினைவுபடுத்தினான். ஒல்லியான பெண். பனி வருமுன்னே ஒரு பந்தைக் கோட்டைவிட்டிருந்தாள். அவளை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. வினோஜனுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. ஆட்டத்துக்குமுன் பெயர் வாசித்தபோது ராணியும் இல்லை, செல்வியும் இல்லை.

"வீட்டுப் பேரா இருக்கும்டா. வந்த ஒடனே வீட்டுப் பேர் வரைக்கும் பழகி வச்சிருக்கா பாரு."

குரல் மறுபடி எழுந்தது. "ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஓடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? செல்வி, தின்னுட்டுத் தின்னுட்டு அசையாம நிக்கிற. நகரு."

சோலைமலை உருகிப்போனார். ஒரே பக்கம் ஓடாதே என்று சொல்ல ஆள் இல்லாமல்தானே போன வருஷம் மானம் போனது! சாப்பாட்டு விஷயத்திலும் கண்டிப்பாக இருக்கிறாள். சொன்ன பேச்சு கேட்காத அந்தச் செல்வியை மட்டும் நம் அணியில் சேர்க்கக் கூடாது என்றான் வினோஜன். அவரும் ஒப்புக்கொண்டார்.

இனி ஒரே பயம், பொன்னையா காதிலும் அது விழுந்துவிடுமோ என்பதுதான். குரல் எழும்போதெல்லாம் சோலைமலை பலமாக இருமினார். பனி ஒத்துக்கொள்ளவில்லையா, கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள் என்று பொன்னையா அக்கறையாகச் சொன்னார்.

ஆட்டம் முடிந்தது. முதல் தெரிவைக் கேட்டார்கள். சோலைமலை எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, "ஜெயந்தினி" என்றார்.

பொன்னையா, பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, எங்கே இவர் மனசு மாறிவிடுவாரோ என்று, தன் முறை வருமுன்னே "பிரியந்தி, பிரியந்தி" என்றார். படியேறி வந்த ஜெயந்தினியோ, வேறு ஜெயந்தினி யாரும் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள்.

சோலைமலைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. "எங்க பொண்ணுங்களையும் அதே மாதிரி அதட்டணும்மா. எங்க, ஒருக்கா சத்தம் போட்டுக் காட்டு. பொன்னையா அண்ணனும் கேக்கட்டும்."

அந்தப் பெண் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். காற்றுதான் வந்தது. "நேத்துலருந்து தொண்ட கட்டிப் போச்சுங்க சேர். இன்னைக்கு நான் வாயே தொறக்கல."

பனி மெல்ல விலகியது. தூரக் கோடியிலிருந்து கையில் கயிற்றோடு ஓர் அம்மாள் விறுவிறுவென்று கொட்டகையை நோக்கி வந்தாள்.

"ஐயா, ராணியும் செல்வியும் வந்துட்டாளுக" என்றாள், அதே கணீர்க் குரலில். "கன்னுக்குட்டி மட்டும் இந்தப் பக்கம் வந்துச்சாங்க?"