பட்டவள் சொல்ல வேண்டும்

மரியமலர் ரீச்சர், சமையலுக்கு வந்த வடிவம்மா, சாரணியப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஆகப் பதினான்கு பேர் அன்று உடையார்கட்டுப் பள்ளிக்கூட வளவில் நின்றார்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மாசி மாதம். சண்டை நின்றிருந்தது. வானத்தில் சத்தம் இல்லாததே பிள்ளைகளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பேச்சை நடுவில் நிறுத்தி நிறுத்தி மேலே பார்த்தார்கள்.

மூன்று நாள் பாசறை. பக்கத்துத் தேக்கங்காட்டில் விளையாட்டு. ஆறு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறுபக்கம். சாம்பல் கட்டிய துணிப்பந்தால் எறிந்து எறிந்து முன்னேறி எதிர்ப்பக்கத்துக் கொடியைப் பறிக்க வேண்டும்.

"கவனம் பிள்ளையள்," என்றார் ரீச்சர். "வண்டில் பாதையை விட்டு இறங்கக் கூடாது. இரும்பு எதைக் கண்டாலும் தொடக் கூடாது. தண்ணிப் போத்தல் எப்பவும் தோளில கிடக்க வேணும். பந்து பட்டால் பட்டவள்தான் சொல்ல வேணும். 'பட்டிட்டுது' எண்டு சொல்லிப்போட்டு வந்து இந்த மரக்குற்றியில இருக்க வேணும். நான் கண்டனானோ இல்லையோ எண்டது கதையில்லை."

அடுத்தது பை பார்ப்பது. மாற்றுடுப்பு இரண்டு, போர்வை ஒன்று, கோப்பை ஒன்று, மெழுகுதிரி ஒன்று, அரிசி அரைக்கொத்து, குளிக்கச் சவுக்காரம் ஒரு துண்டு. பொருளாதாரத் தடையால் கடைகளில் சவுக்காரத்தைக் காண்பதே அரிதாக இருந்த காலம்.

"ஒண்டு குறைஞ்சாலும் அடுத்த பஸ்ஸில வீட்டை போறதுதான்."

ரீச்சர் கொப்பியோடு ஒவ்வொரு பையாகக் குனிந்து பார்த்துச் சரி போட்டார். நான்காவதாக நின்ற ஆன்சலா தன் பை முடிந்ததும் ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாள். வந்தாள். வரிசைக்குப் பின்னால் மறுபடியும் போனாள்.

"உனக்குக் காலில என்ன, எறும்போ?"

"தாகம் ரீச்சர்."

பன்னிரண்டாவதாக, கடைசியில், பேச்சியம்மா. அவளுடைய பையும் சரி. 'சவுக்காரம் 12' என்று எழுதி ரீச்சர் அடிக்கோடு போட்டார். ரீச்சரின் பையை ஒருவரும் பார்க்கவில்லை. ரீச்சரின் பையை யார் பார்ப்பது?

பின்னேரம் ஒரு தகரப் பேணியை நடுவில் வைத்தார்.

"சவுக்காரத்தை எல்லாரும் இதுக்குள்ள போடுங்கோ. வெளியில கிடந்தால் காகம் தூக்கிப்போடும்."

போட்டு முடிந்ததும் எண்ணினார். பதினொன்று. கொட்டி எண்ணினார். பதினொன்று.

"ஆர் போடேல்லை?"

எல்லோரும் போட்டதாகவே சொன்னார்கள்.

"கொப்பிக்குள்ள இருந்ததைத்தான் காகம் தூக்கியிருக்கும்," என்றாள் வடிவம்மா. ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு பக்கத்துத் தலைவி நிறஞ்சனா கையை உயர்த்தினாள். "ரீச்சர், வரிசைக்குப் பின்னால திரிஞ்சவள் ஆன்சலா ஒருத்திதான்."

ஆன்சலாவின் பையைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"எங்க ஒளிச்சனீ?"

"நான் எடுக்கேல்லை ரீச்சர்."

"அப்ப ஏன் ரெண்டு தரம் தண்ணிக்குப் போனனீ?"

ஆன்சலா பிள்ளைகள் பக்கம் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் ஒருமுறை தலையை ஆட்டினாள். யாருக்கு ஆட்டினாள் என்று ரீச்சருக்கு விளங்கவில்லை.

"சரி. நாளைக்குப் பத்து மணி பஸ்ஸில நீ புதுக்குடியிருப்புக்குப் போறாய். சாரணியச் சின்னம் இனி உனக்கு இல்லை."

விடிந்ததும் ரீச்சர் பேணியைக் கையைவிட்டு இறக்காமல் முதல் ஆளாகக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு துண்டாக எண்ணிக் கொடுத்தார், எண்ணி வாங்கினார். ஆன்சலாவுக்குக் கொடுக்கவில்லை.

ஒன்பதரைக்கு ஆன்சலா பையை மடியில் வைத்துக்கொண்டு மரக்குற்றியில் இருந்தாள். மற்றப் பதினொரு பேரும் காட்டுக்குள் இறங்கினார்கள். ரீச்சர் விசில் ஊதினார்.

ஒரு பந்துகூட எறியப்படவில்லை. அதற்குள் பேச்சியம்மா வெளியே வந்தாள்.

"எனக்குப் பட்டிட்டுது ரீச்சர்."

"விசர்க்கதை கதையாதை. இன்னும் ஒருத்தியும் எறியேல்லை. எங்க பட்டது, காட்டு?"

அவளுடைய சட்டையில் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை.

"நேற்றுப் பட்டது ரீச்சர். நான்தான் சொல்லேல்லை." பேச்சியம்மா நிலத்தைப் பார்த்தாள். "சவுக்காரம் நான் கொண்டு வரேல்லை. என்ர பைக்குள்ள நீங்கள் கண்டது ஆன்சலாவின்ர. அவளுக்குச் சரி போட்டாப்பிறகு கொண்டு வந்து என்ர பைக்குள்ள வைச்சவள். இல்லாட்டி என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவியள் எண்டு."

"சொல்லாதை எண்டு தலையாட்டினனான் எல்லே, விசரி!" என்றாள் ஆன்சலா.

ஒரு துண்டை ரீச்சர் இரண்டு தரம் எண்ணியிருக்கிறார்.

தூரத்தில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. ரீச்சர் கொப்பியைத் திறந்து பன்னிரண்டை வெட்டிப் பதினொன்று என்று எழுதினார்.

"ஆன்சலா, பையை வைச்சிட்டுப் போய் விளையாடு."

அவள் ஓடினாள். பேச்சியம்மா மரக்குற்றியின் நுனியில் ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

"நான் பஸ்ஸுக்குப் போகட்டோ ரீச்சர்?"

"கொஞ்சம் தள்ளி இரு, பிள்ளை."

ரீச்சர் அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீங்கள் ஏன் ரீச்சர் இதில?"

"எனக்கும் பட்டிட்டுது," என்றார் ரீச்சர், அவளைப் பார்க்காமல். "என்ர பையிலையும் சவுக்காரம் இல்லை. விடிய உங்கட பேணியில இருந்துதான் எடுத்து முகத்துக்குப் போட்டனான்."

பஸ் நிற்காமல் போனது.

குசினியில் வடிவம்மா. மரக்குற்றியில் இரண்டு பேர். காட்டில் மீதி, பதினொரு பேர்.