ஜெபத் துணை

“ஆபீஸ் மீட்டிங். கொஞ்ச நேரம் என்னைக் கூப்பிடாதே” என்றார் கணக்காளர்.

“எனக்கும் கிச்சன்ல தலைக்கு மேல வேலை. எட்டிப் பாக்காதீங்க. ஃப்ரிட்ஜ் கைப்பிடியத்தான் மாட்டித் தர மாட்டீங்க, கயித்த இழுத்து இழுத்துக் கை காப்புக் காய்ச்சிருச்சு” என்றாள் மனைவி.

கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தார். இணைய ஜெபக் குழுவை நடத்திய போதகர் இறந்துவிட்டார். முகம் காட்டாமல் எழுத்தாலேயே தேற்றிய மனிதர். அவருடைய நினைவுக் கூட்டத்தில்தான் குழுவினர் முதன்முறையாக முகம் பார்க்கப் போகிறார்கள்.

“ஐயா ஜோடி சேத்துவிட்ட ஜெபத் துணைய இன்னிக்குப் பாருங்க” என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

‘ஒரு கைப்பிடிக்காக என் மனைவி உயிரை வாங்குகிறாள்’ என்று கணக்காளர் புலம்பி எழுதிய அன்றுதான், ‘ஒலிவ இலை’ என்ற பெயரில் எழுதும் பெண்ணை அவருக்குத் துணையாக்கியிருந்தார் போதகர். பாவம், அவள் புருஷன் கல்நெஞ்சக்காரனாம். அவன் மனம் இளக, கணக்காளர் உருகி உருகி ஜெபித்து வந்தார்.

ஒலிவ இலையின் கேமரா திறந்தது. முதலில் தெரிந்தது, கயிறு கட்டிய ஃப்ரிட்ஜ்.

“பிரதர், நீங்க ஜெபத்தைத் தொடங்குங்க” என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

“கொஞ்சம் இருங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் கணக்காளர். “ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வந்துடறேன்.”