குழாய் மேல் ஒரு பாத்திரம்

பனி மூடிய மேய்ச்சல் நிலத்தின் நடுவே, தரையிலிருந்து எழுந்து நிற்கும் இரும்புக் குழாயின் மேல் பாத்திரத்தை வைத்துக் காத்திருக்கிறான் ஆழ்துளை மேஸ்திரி கோர்பினியன். பாத்திரத்துத் தண்ணீரில், இறைச்சி அடைத்த இரண்டு வெள்ளை சாசேஜ்கள் மிதக்கின்றன. பக்கத்துக் குழாய் வழியே பாதாளத்துக்கு அனுப்பிய தண்ணீர், பாறையின் சூட்டை வாங்கிக்கொண்டு இதன் வழியே திரும்ப வேண்டும். திரும்பினால் ராப்பகல் நிற்காத மின்சாரம். அந்தச் சூட்டில் சாசேஜ் வெந்தால், அடுத்த கிணற்றுக்குத் தன் கீழ்வயலைத் தருவதாக, பக்கத்தில் நிற்கும் விவசாயி லுட்வினா பந்தயம் கட்டியிருக்கிறாள். ஆனால் மாதாகோவிலில் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் வேக வேண்டும். வெள்ளை சாசேஜைக் காலையில்தான் தின்ன வேண்டும் என்பது ஜெர்மனியின் அந்தப் பவேரிய ஊர் வழக்கம்; மணி அடித்துவிட்டால் நாய்கூட அதை முகர்ந்து பார்க்காது. "உன் தண்ணி கீழ சைத்தானோட சீட்டாடிட்டு உக்காந்திருக்கு," என்கிறாள் லுட்வினா. "ஆடட்டுமே. ஜெயிச்சு, அவன் அடுப்பையும் தூக்கிட்டு வரும்." குழாயில் படிந்த பனி மெல்ல வியர்க்கிறது. லுட்வினாவின் பூனை கட்சி மாறி, குழாயை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடுகிறது. பாத்திரத்திலிருந்து ஆவி எழுந்து வெயிலில் மினுங்குகிறது. முதல் மணி அடிக்கிறது. லுட்வினா பாய்ந்து வந்து, ஒரு சாசேஜைக் கையாலேயே எடுத்து, ஊதி ஊதிக் கடிக்கிறாள். மணியோசை இன்னும் ஓயவில்லை. "என் வயல்ல தோண்ட வர்றப்ப," என்கிறாள் வாய் நிறைய, "தொட்டுக்க இனிப்புக் கடுகு விழுதும் எடுத்துட்டு வாய்யா."