மாற்றாத பதிவு

பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஷெரினைக் காட்டினார்கள். பிறப்புச் சான்றிதழில் அவள் பையன். ஷெரின் என்பது அவளே வைத்துக்கொண்ட பெயர், வயது பதின்மூன்று. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்து அவள் பேச்சைப் பதிவு செய்திருந்தார்கள். அடையாளம் தெரியாது என்று அம்மா ஜெபராணியிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே முகம் வெறும் நிழலாக இருந்தது. குரலையும் மாற்றியிருந்தார்கள்.

"என் குரல் இன்னும் உடையல. அதுக்கு முன்னாடி அந்த மருந்து வேணும்," என்றது நிழல், நாற்பது வயது ஆணின் தடித்த குரலில்.

ஜெபராணி ரிமோட்டை எடுத்தாள். ஷெரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நிழல் பேசி முடித்ததும் நால்வரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

"மெஷின்ல மாத்துனதுடி. அது நீ இல்ல."

ஷெரின் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் சொல்லவில்லை. இட்லி போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டினாள். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினாள்.

ஐந்தாம் நாள் ஜெபராணி தொலைக்காட்சி அலுவலகத்துக்குப் போன் செய்து, மாற்றாத பதிவைக் கேட்டாள்.

"அதை அன்னைக்கே அழிச்சிட்டோம் மேடம். உங்க பாதுகாப்புக்குத்தான்."

போனை வைத்தபோது குளியலறையில் குழாய் திறந்திருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் யாரோ "என் குரல் இன்னும் உடையல" என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. எந்தக் குரல் என்று தெரிய இன்னும் இரண்டடி நடக்க வேண்டும். ஜெபராணி நின்ற இடத்திலேயே நின்றாள்.